ஜெனரேட்டர் போட்டவுடன் டிவி கருகுவது ஏன்?



மழைக்காலம் வந்தால் லயங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "ஏங்க, நேத்து ராத்திரி கரண்டு போச்சு. ஜெனரேட்டர் போட்டாங்க. பல்பு பளிச்சுன்னு ஒரு மாதிரி எரிஞ்சிச்சு. அதோட டிவி போச்சுங்க." டிவி மட்டுமல்ல. தவணைக்கு எடுத்த பிரிட்ஜ், பிள்ளை படிக்கும் போன் சார்ஜர், தாத்தாவுக்கு இன்சுலின் வைத்திருக்கும் பெட்டி, எல்லாமே ஒரு நொடியில் போய்விடலாம். மாதக் கணக்காகக் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் அது.

அடுத்த நாள் காலையில் சண்டை ஆரம்பிக்கும். "ஜெனரேட்டர் போட்ட தம்பிக்கு வேலை தெரியல" என்று ஒரு பக்கம். "உங்க வீட்டு வயரிங் சரியில்ல" என்று மறு பக்கம். உண்மையான காரணத்தை யாரும் தேடுவதில்லை. ஆகவே அதே கோளாறு அடுத்த மாதமும் வரும். அந்தக் காரணத்தை எப்படித் தேடுவது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

ஓடையிலிருந்து வந்த வெளிச்சம்

தனியாக ஓடும் மின்சாரம் மலையகத்துக்குப் புதிது அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நமது தோட்டங்களில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, சுழலியை ஓட்டி, ஸ்டோர் இயந்திரங்களை இயக்கினார்கள். நூற்றுக்கணக்கான தோட்டங்களில் இப்படி இருந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூல் என்ற இடத்தில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தார். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா தண்ணீரிலிருந்து பெரிய அளவில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் அவர் எடுத்துச் சொன்னார். லக்ஷபான நிலையம் 1950இல்தான் வேலை செய்யத் தொடங்கியது.

தேசிய மின்கம்பி தோட்டத்துக்கு வந்தபின், பழைய சுழலிகள் பல துருப்பிடித்துப் போயின. 1980களில் சில தோட்டங்களில் அவற்றைத் திருத்தி மறுபடி ஓட வைத்தார்கள். 1990களில் கம்பி எட்டாத மலைக் கிராமங்களில் மக்களே மின்நுகர்வோர் சங்கம் அமைத்து, சின்னச் சின்ன நீர்மின் நிலையங்களை நடத்தினார்கள். ஸ்டோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் டீசல் ஜெனரேட்டர் வந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவும் வெள்ளமும் மலையகத்தை உலுக்கின. கம்பங்கள் சாய்ந்து, பாதைகள் அடைபட்டு, பல இடங்கள் இருளில் மூழ்கின. இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது தனியாக ஓடும் ஜெனரேட்டர்தான். அதைச் சரியாக ஓட்டத் தெரிந்திருப்பது அதனால்தான் முக்கியம்.

டிரெக்டர் கொக்கி கழன்றால்

கொழுந்து ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிரெக்டர் ஒன்று மேட்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் எக்ஸிலேட்டரை நன்றாக மிதித்திருக்கிறார். அந்த நேரம் டிரெய்லர் கொக்கி கழன்றுவிட்டால் என்ன ஆகும்? டிரைவர் காலை எடுக்குமுன் டிரெக்டர் குபீரென்று முன்னால் பாயும். திடீரென்று இரண்டு டிரெய்லரை மாட்டினால்? திணறும், நின்றும் போகும்.

ஜெனரேட்டரும் அப்படித்தான். எஞ்சினோ தண்ணீரோ தள்ளுகிற சக்தியும், நம் வீடுகளும் ஸ்டோரும் இழுக்கிற சுமையும் எந்த நொடியிலும் சமமாக இருக்க வேண்டும். சுமை குறைந்தால் வேகம் ஏறும். சுமை கூடினால் வேகம் விழும். வேகத்தைக் காட்டுவது ஹேட்ஸ் மானி. இலங்கையில் அது 50இல் நிற்க வேண்டும். அழுத்தத்தைக் காட்டுவது வோல்ட் மானி. வீட்டுக்கு 230 வோல்ட். நூற்றுக்கு 6 கூடலாம், 6 குறையலாம். அதாவது சுமார் 216 முதல் 244 வரை சரி. இதற்கு மேலே போனால் ஆபத்து.

தேசிய மின்கம்பியில் எத்தனையோ நிலையங்கள் ஒன்றாகத் தோள் கொடுக்கின்றன. ஒரு ஸ்டோர் நின்றால் அங்கே ஒன்றும் அசையாது. தனி ஜெனரேட்டருக்குத் தோள் கொடுக்க ஆள் இல்லை. ஆகையால் ஒரு ரோலர் மோட்டர் நின்றாலும் லயத்துப் பல்பு ஆடும்.

குற்றவாளி யார்?

இனி ஒவ்வொரு காரணமாகப் பார்ப்போம்.

1. சுமையோடு ஸ்டார்ட் செய்வது

இதுதான் அதிகமாக நடப்பது. கரண்ட் போனதும் இருட்டில் ஓடிப்போய், மெயின் ஆளியை இறக்காமலே எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடுகிறோம். எஞ்சின் பூஜ்ஜியத்திலிருந்து நிமிடத்துக்கு 1500 சுற்று வரை ஏறச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் வோல்ட் மிகக் குறைவு. வோல்ட்டைச் சமப்படுத்தும் கருவியை ஏ.வி.ஆர். என்பார்கள். அது "வோல்ட் போதவில்லை" என்று நினைத்து முழுப் பலத்தோடு காந்தத்தைக் கூட்டும். எஞ்சின் திடுமென வேகம் பிடிக்கும்போது, கூட்டிய காந்தத்தைக் குறைக்க அதற்கு நேரம் போதாது. வோல்ட் 230ஐத் தாண்டி மேலே எகிறி, பிறகுதான் இறங்கி நிற்கும். அந்த எகிறல் ஒரு நொடிதான். டிவியைக் கொல்ல அது போதும். எகிறுமுன் இருந்த குறைந்த வோல்ட்டிலோ பிரிட்ஜ் மோட்டர் சுழல முடியாமல் உறுமிச் சூடாகும்.

புதிய ஏ.வி.ஆர்.கள் சிலவற்றில் மெதுவாக ஏற்றும் வசதி உண்டு. பழையவற்றில் இல்லை.

2. பெரிய சுமை ஒரேயடியாக விழுவது

கொழுந்து வாட்டும் விசிறிகள், ரோலர், ட்ரையர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒன்று ட்ரிப் ஆகி, எல்லாம் சேர்ந்து நின்றால், அது கொக்கி கழன்ற டிரெக்டர்தான். எஞ்சினின் கவர்னர் டீசலைக் குறைக்க ஒன்றிரண்டு நொடி எடுக்கும். அதுவரை மிச்சம் இருக்கும் லயத்துப் பல்புகளும் டிவிகளும்தான் அடி வாங்கும்.

தண்ணீரில் ஓடும் சுழலியில் இது இன்னும் மோசம். தண்ணீரைச் சட்டென்று அடைக்க முடியாது. அடைத்தால் குழாய்க்குள் அழுத்தம் அடித்துக் குழாயே வெடிக்கலாம். சுமையே இல்லாமல் விட்டால் சுழலி தன் சாதாரண வேகத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேலே ஓடக்கூடும்.

3. ஹீட்டர் செத்துப்போவது

இதற்காகவே சிறு நீர்மின் நிலையங்களில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். வீடுகள் எடுக்காத மிச்ச மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே ஹீட்டருக்குத் திருப்பிவிடும். லயத்தில் பத்து வீடு விளக்கை அணைத்தால், அந்த அளவு ஹீட்டர் கூடச் சூடாகும். சுழலிக்கு எப்போதும் ஒரே சுமைதான். ஆனால் ஹீட்டர் எரிந்துபோனாலோ, அதன் உருகி போனாலோ, மிச்சம் போக இடமில்லை. சுமை குறையக் குறைய வோல்ட் ஏறும்.

இதன் அடையாளம் தெளிவு. மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஒரு குறையும் இருக்காது. எல்லாரும் படுக்கப் போகும் நேரம் எரிகிற ஒன்றிரண்டு பல்புகள் வெள்ளையாகப் பளிச்சிடும். அப்படி நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர். தண்ணீர்த் தொட்டி ஹீட்டர் என்றால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வற்றினால் ஹீட்டர் எரிந்துவிடும். தொட்டித் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். அதில் சூடும் உண்டு, கரண்டும் இருக்கலாம்.

4. ஏ.வி.ஆர். கோளாறு, கொள்ளளவிக் கோளாறு

ஏ.வி.ஆர். வோல்ட்டை அளக்க இரண்டு சின்ன வயர்கள் உண்டு. எஞ்சின் அதிர்வில் அது கழன்றால், "வோல்ட்டே இல்லை" என்று நினைத்து ஏ.வி.ஆர். முழுப் பலத்தோடு தள்ளும். சுமை இல்லாதபோதும் வோல்ட் அதிகமாக நிற்கும்.

சில சிறு நீர்மின் நிலையங்களில் ஜெனரேட்டருக்குப் பதில் சாதாரண மோட்டரையே கொள்ளளவிகள் பூட்டி ஓட்டுவார்கள். அங்கே மோட்டர்ச் சுமைகள் நின்று, பூட்டிய கொள்ளளவி அப்படியே இருந்தால் வோல்ட் ஏறும்.

5. நொதுமல் கம்பி கழல்வது

இதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. ஜெனரேட்டர் ஒழுங்காக 230 காட்டும். ஆனாலும் டிவி கருகும். ஏன்?

மூன்று கட்டக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் சில வீடுகள் இருக்கும். எல்லா வீட்டுக்கும் பொதுவானது நொதுமல் கம்பி. இரண்டு கட்டக் கம்பிகளுக்கு நடுவில் இருப்பது 230 அல்ல, 400 வோல்ட். நொதுமல் கழன்றால் வீடுகள் இந்த 400ஐத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கும் நியாயமாக இருக்காது. ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு வீட்டில் 1000 வோட்ஸ் கேத்தல். மற்றக் கம்பியில் இருக்கும் வீட்டில் 60 வோட்ஸ் குண்டு பல்பு ஒன்று மட்டும். நொதுமல் போனால் கேத்தலுக்குக் கிடைப்பது சுமார் 23 வோல்ட். பல்புக்குப் போவது சுமார் 377 வோல்ட்! அதிகம் எடுக்கும் வீட்டுக்கு இருட்டு, சிக்கனமாக ஒரு பல்பு போட்ட வீட்டுக்கு நெருப்பு.

அடையாளம்: ஒரு லயத்தில் பல்பு மங்கும், அதே நேரம் அடுத்த லயத்தில் பளிச்சிடும். இதைக் கண்டால் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே மெயினை நிறுத்துங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எலக்ட்ரீசியன் வந்ததும் "டிவி போச்சு" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

முதல் கேள்வி: எந்த நேரம்? ஸ்டார்ட் செய்த அந்த நொடியிலா, ஓடிக்கொண்டிருக்கும்போதா, நிறுத்தும்போதா, கம்பிக் கரண்ட் திரும்பி வந்தபோதா? ஸ்டார்ட் நொடி என்றால் சுமையோடு ஸ்டார்ட் செய்தது. ஸ்டோர் நின்ற நொடி என்றால் சுமை விழுந்தது. நிறுத்தும்போது என்றால், மெயினை இறக்காமல் எஞ்சினை நிறுத்தியிருக்கலாம். வேகம் விழ விழ வோல்ட்டும் விழுந்து பிரிட்ஜ் மோட்டரைக் கெடுக்கும்.

இரண்டாவது: எத்தனை வீடு? ஒரே வீடு என்றால் அந்த வீட்டு வயரிங்கைப் பாருங்கள். சில வீடுகள் பளிச்சிட்டுச் சில வீடுகள் மங்கினால் நொதுமல். எல்லா வீடும் என்றால் ஜெனரேட்டர் பக்கம்.

மூன்றாவது: மானி என்ன சொன்னது? இதற்கு மெயின் ஆளியை இறக்கி வைத்து, எஞ்சினைச் சுமையில்லாமல் ஓட விட்டு, இரண்டு மானியையும் பார்க்க வேண்டும். ஹேட்ஸும் வோல்ட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் வேகக் கோளாறு. கவர்னரை அல்லது ஹீட்டர்ப் பெட்டியைப் பாருங்கள். ஹேட்ஸ் சரியாக 50இல் நின்று வோல்ட் மட்டும் ஏறியிருந்தால் ஏ.வி.ஆர். அல்லது கொள்ளளவி. இரண்டும் சரி, வீட்டில் மட்டும் தவறு என்றால் கம்பியும் இணைப்புகளும்.

நாலாவது: அன்றைக்கு என்ன மாறியது? புதிதாக மோட்டர் பூட்டினார்களா? கம்பத்தில் மரம் விழுந்ததா? யாராவது மெயின் பெட்டியைத் திறந்தார்களா? இடி இடித்ததா? இடி என்றால் அது வேறு கதை. அதற்கு ஜெனரேட்டரைக் குறை சொல்ல முடியாது.

இதையெல்லாம் எழுதி வைக்க ஜெனரேட்டர் அறையில் ஒரு கொப்பி கட்டித் தொங்கவிடுங்கள். ஸ்டார்ட் செய்த நேரம், வோல்ட், ஹேட்ஸ், நிறுத்திய நேரம், நடந்தது என்ன என்று தினமும் ஒரு வரி போதும். ஒரு மாதம் எழுதினால் கோளாறு தானாகவே முகம் காட்டும். ஜெனரேட்டர் ஓட்டும் தம்பிக்கும் அதுதான் பாதுகாப்பு. "நான் ஒழுங்காத்தான் போட்டேன்" என்று சொல்ல அவர் கையில் எழுத்து இருக்கும்.

ஸ்டார்ட் செய்யும் ஒழுங்கு

முதலில் மெயின் ஆளியை இறக்குங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் சுமையில்லாமல் ஓட விடுங்கள். ஹேட்ஸ் 50, வோல்ட் 230 என்று நின்றபிறகு மெயினைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். பெரிய மோட்டர் ஒன்று ஸ்டார்ட் ஆகும்போது தன் வழக்கமான கரண்ட்டைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். ஆகையால் முதலில் பெரிய மோட்டர்கள், ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டு. கடைசியில் லயங்கள். நிறுத்தும்போது தலைகீழ்: முதலில் லயங்கள், பிறகு மோட்டர்கள் ஒவ்வொன்றாக, பிறகு மெயின், கடைசியில் எஞ்சின். வீடுகள் இணைந்திருக்கும்போது மோட்டர் ஆட்டம் எதுவும் வேண்டாம்.

வோல்ட் எல்லை மீறினால் தானாக மெயினை வெட்டும் ரிலே ஒன்றைப் பூட்டுவது மிக நல்லது. அதன் விலையை, கருகிப்போன டிவிகளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னுமொன்று. கம்பிக் கரண்ட்டும் ஜெனரேட்டர் கரண்ட்டும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. அதற்கு மாற்று ஆளி கட்டாயம். அது இல்லாமல் வீட்டுப் பிளக்கில் வயர் குத்தி ஜெனரேட்டர் கொடுத்தால், அந்தக் கரண்ட் மின்மாற்றி வழியாகப் பின்னால் போய் 33,000 வோல்ட்டாக ஏறும். "லைன்ல கரண்டு இல்ல" என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆள் செத்துப்போவார். அவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதானே.

நாடே ஒரு தனி ஜெனரேட்டர்

ஒரு விஷயம் தெரியுமா? இந்தியாவோடு நமக்கு மின்கம்பித் தொடர்பு இல்லை. ஆகவே இலங்கை முழுவதுமே ஒரு தனித்த மின்முறைதான், அளவுதான் பெரிது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். ஞாயிறு என்பதால் சுமை குறைவு. வெயிலில் சூரிய மின்சாரம் அதிகம். தோள் கொடுக்கும் பெரிய சுழலிகள் குறைவாக ஓடிக்கொண்டிருந்தன. சமநிலை போனதும் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றன. 2020 ஆகஸ்ட் 17இலும் கெரவலப்பிட்டியில் ஏற்பட்ட தவறால் நாடு மணிக்கணக்கில் இருளில் இருந்தது.

இருண்ட நாட்டுக்கு மறுபடி உயிர் கொடுப்பதில் நீர்மின் நிலையங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளிக் கரண்ட் இல்லாமலே அவற்றை ஸ்டார்ட் செய்யலாம். அப்போதும் நம் ஸ்டோர் ஒழுங்குதான். சுமையே இல்லாத நீளக் கம்பிக்குக் கரண்ட் கொடுத்தால் அதன் கடைசியில் வோல்ட் ஏறும். எனவே ஒவ்வொரு பிரதேசமாகச் சுமையைச் சேர்த்து, நிலைத்து நின்றபிறகுதான் அடுத்ததற்குப் போவார்கள். பெரிய பொறியியலாளர்கள் பொறுமையாகச் செய்யும் வேலையை நாம் அவசரத்தில் செய்யலாமா?

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

கரண்ட் போனவுடன் டிவி, பிரிட்ஜ், சார்ஜர் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். ஒரு பல்பை மட்டும் போட்டு வையுங்கள். கரண்ட் வந்ததும் அந்தப் பல்பைப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஒரே சீராக எரிந்தால் மற்றவற்றைப் பூட்டலாம். பிரிட்ஜுக்கு இந்த ஐந்து நிமிடம் எப்படியும் தேவை. வசதி உள்ளவர்கள், வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் தானாக வெட்டிச் சில நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுக்கும் கருவியைப் பிரிட்ஜுக்குப் பூட்டலாம்.

ட்ரிப் சுவிச்சு அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுக்காதீர்கள். டிவியைவிட உயிர் பெரிது. உருகிக்குப் பதில் தடித்த கம்பி போடாதீர்கள். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைக் காம்பராவுக்குள்ளோ இஸ்தோப்பிலோ ஓட்டாதீர்கள். அந்தப் புகையின் விஷவாயுவுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே குடும்பத்தைக் கொண்டுபோய்விடும்.

மெயின் பெட்டி, ஏ.வி.ஆர்., கம்பத்து இணைப்பு ஆகியவற்றைத் திறப்பது பயிற்சி பெற்ற எலக்ட்ரீசியனின் வேலை மட்டுமே. நம் வேலை கவனிப்பது, எழுதி வைப்பது, சரியான நேரத்தில் சொல்வது. அடுத்த முறை லயத்தில் பல்பு பளிச்சிட்டால், யாரைத் திட்டலாம் என்று தேடாமல் மணியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த லயம் மங்கியது என்று பக்கத்து லயத்து அக்காவிடமும் கேட்டு வையுங்கள். பழுது எங்கே என்று தேட எலக்ட்ரீசியனுக்கு அதுவே வழிகாட்டும்.